செய்திக்குழுச் சந்தாவும் ஷெல் நிரலும்

சந்தா என்னும் சொல் நமக்குப் புதியதன்று. துறை நூலகத்திற்கு எவ்விதழை வரவழைப்பது, எதனை நிறுத்துவது என்று ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறோம். கணினி வலைப்பின்னலிலும் ஏறத்தாழ இதனையொத்த சந்தா முறை ஒன்று 1980 முதல் வழங்கி வருகிறது. அதன் பெயர் ‘யூஸ்நெட்’. அதிலுள்ள பிரிவுகள் செய்திக்குழுக்கள் எனப்படும். பணம் செலுத்த வேண்டாத சந்தா இது. புதிதாகக் கணினிக் கணக்குப் பெறும் மாணவர் ஒருவருக்கு இச்சந்தாப் பட்டியலைச் சிறியதொரு ஷெல் நிரலால் எவ்வாறு அமைத்துக் கொடுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவாரும் உளர். தமிழர் கணினி வழியே நாடு கடந்து கூடிப் பேசத் தொடங்கிய காலத்து மன்றங்களுள் ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’ என்னும் செய்திக்குழுவும் ஒன்று. அதனைப் படித்தோர் எவ்வாறு படித்தனர், அவர்தம் கண்முன் எது வந்தது, எது வராமற் போயிற்று என்பன இலக்கிய வரலாற்றுக்கும் உரிய வினாக்களே. ஏட்டின் துளையும் கயிறும் கட்டும் அறியாதார் சுவடிப்பதிப்பைப் பற்றி எழுதப் புகுதல் ஆகாது. இதுவும் அத்தகையதே.

ஓடும் பருப்பும்

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் உட்கருவைக் ‘கெர்னல்’ என்பர். பருப்பு என்பது அதன் பொருள். அப்பருப்பைச் சூழ்ந்து நின்று, நாம் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி உள்ளே செலுத்தும் நிரல் ‘ஷெல்’, அதாவது ஓடு. அண்டி ஆலைகள் மலிந்த நம் குமரி மாவட்டத்தார்க்கு இவ்வுருவகத்தை விளக்க வேண்டுவதில்லை. ஓட்டைக் கையாளாமல் எவரும் பருப்பை எட்டவியலாது. (அண்டியோட்டின் எண்ணெய் பழகாத கையைப் பொள்ளச் செய்யும் என்பதும் ஷெல்லுக்கு ஓரளவு பொருந்தும்.) ஒவ்வொன்றாய்த் தட்டச்சிட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, வேண்டும்போதெல்லாம் அக்கோப்பை இயக்குவதே ஷெல் நிரலாக்கம். பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் போர்ன் உருவாக்கிய ஷெல் 1979ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. இன்று இலினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்கும் ‘பாஷ்’ என்பது அதன் வழித்தோன்றலாக 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது.

அதே 1979ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும், தம் கணினிக்கும் அண்டைப் பல்கலைக்கழகக் கணினிக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியே அறிவிப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு முறை வகுக்க எண்ணினர். அண்டைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்டீவ் பெல்லோவின் அதன் முதல் வடிவை எழுதினார். அஃது ஏறத்தாழ 150 வரிகள் கொண்ட ஒரு ஷெல் நிரலே என்பது இங்கு நோக்கத்தக்கது. விரைவு போதாமையால் ஸ்டீபன் டேனியல் அதனைச் சி மொழியில் திருப்பி எழுதினார். 1980 சனவரியில் யூனிக்ஸ் பயனர் மாநாட்டில் இம்முறை அறிவிக்கப்பட்டது. பின்னாளில் உலகெங்கும் பரந்த ஓர் அமைப்பின் கரு, எவரும் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க 150 வரிகளில் அடங்கியிருந்தது.

மறுகால் பாயும் செய்தி

யூஸ்நெட்டுக்குத் தலைமைக் கணினி என்று ஒன்றில்லை. இதனைப் புரிந்துகொள்ள நாஞ்சில் நாட்டுப் பாசனத்தை எண்ணிப் பார்ப்பது உதவும். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழுள்ள குளத்தைச் சேரும்; அது நிரம்பினால் அதற்கும் கீழுள்ளதைச் சேரும். அவ்வாறே ஒரு கணினியில் எழுதப்பட்ட மடல் அண்டைக் கணினிக்குப் போகும். அங்கிருந்து அதன் அண்டைக்குப் போகும். ஓரிடத்து மட்டும் உவமை பொருந்தாது. மறுகால் நீர் மேற்குளத்தை விட்டு நீங்கியே கீழ்க்குளம் சேரும். மடலோ தன் படி ஒன்றினை ஒவ்வொரு கணினியிலும் விட்டுச் செல்லும்.

இனி, பல வழிகளில் ஒரே மடல் வந்து சேருமாயின் என்செய்வது? ஒவ்வொரு மடலுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி அடையாளக் குறி ஒன்று உண்டு. 1986 பிப்ரவரியில் பிரையன் கான்டர், பில் லாப்ஸ்லி ஆகியோர் வகுத்து வெளியிட்ட செய்திப் பரிமாற்ற நெறியில், ‘என்னிடம் இன்ன மடல் உளது’ எனப் பொருள்படும் ‘ஐஹேவ்’ என்றொரு கட்டளை காணப்படுகிறது. கேட்கும் கணினி தன் பதிவேட்டைப் பார்த்து, இல்லையெனில் 335 என்னும் எண்ணால் ‘அனுப்புக’ என்றும், முன்னரே பெற்றிருப்பின் 435 என்னும் எண்ணால் ‘வேண்டா’ என்றும் விடை கூறும். இரு கணினிகளுக்கிடையே நிகழும் இம்மரியாதையான உரையாடலைப் படிக்குந்தோறும் நமக்கு வியப்பே மிகுகிறது.

குழுக்களின் பெயர்கள் பெரும்பிரிவு, உட்பிரிவு என்று புள்ளியிட்டு அமையும். 1986-87இல் நிகழ்ந்த ‘பெரும் பெயர்மாற்ற’த்திற்குப் பின்னர் கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் முதலிய ஏழு பெரும்பிரிவுகள் நிலைத்தன, 1995இல் மானுடவியற் கலைகளுக்கென எட்டாவது சேர்ந்தது. ‘சாக்’ என்பது சமூகம். ‘கல்ச்சர்’ என்பது பண்பாடு. அதன் கீழ் ‘தமிழ்’. இந்தியருக்கும் இலங்கையருக்கும் மலேசியருக்கும் இவ்வாறே தனித்தனிக் குழுக்கள் இருந்தன. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, படமின்றி எழுத்து மட்டுமே தோன்றும் கணக்கு வகை ஒன்றும் இருந்தது. அதனை ‘ஷெல் கணக்கு’ என்றே அழைத்தனர். கறுப்புத் திரையில் ஷெல்லின் முன் அமர்ந்துதான் அன்றைய இளைஞர் பலர் இணையத்தை முதன்முதல் கண்டனர்.

இரு குறிகள்

இப்போது சந்தாக் கோப்புக்கு வருவோம். யூனிக்ஸ் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் சொந்த அடைவு ஒன்று உண்டு. அதனுள் ‘நியூஸ்ஆர்சி’ என்னும் பெயருடைய சிறு கோப்பு இருக்கும். பெயருக்கு முன் ஒரு புள்ளி இருப்பதால் வழக்கமான பட்டியலில் அது தோன்றாது. 1984இல் லாரி வால் எழுதிய ‘ஆர்என்’, பின்வந்த ‘டின்’ முதலிய படிப்பு நிரல்கள் இக்கோப்பையே நோக்கும். அதன் வரிகள் பின்வருமாறு அமையும். (கணினியில் இப்பெயர்கள் உரோமன் சிற்றெழுத்துகளால் இருக்கும், எண்கள் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை.)

நியூஸ்.அனவுன்ஸ்.நியூயூசர்ஸ்: 1-310
சாக்.கல்ச்சர்.தமிழ்: 1-2140,2143
சாக்.கல்ச்சர்.இண்டியன்! 1-8800

முதல் வரியிலுள்ளது புதிய பயனர்க்கான அறிவிப்புக் குழு. இரண்டாம் வரியை நோக்குக. பெயரை அடுத்து முக்காற்புள்ளி உள்ளது. எனவே இக்குழுவிற்குச் சந்தா உண்டு. 1 முதல் 2140 வரையும், 2143உம் படித்தாயிற்று. 2141, 2142 ஆகிய இரண்டும் படிக்காமல் கிடக்கின்றன. மூன்றாம் வரியில் முக்காற்புள்ளிக்கு மாறாக வியப்புக்குறி நிற்கிறது. இக்குழுவிற்குச் சந்தா இல்லை. படிப்பு நிரல் இதனைக் காட்டாது. ஆயினும் பெயர் அழியவில்லை. 8800 வரை முன்னொருகால் படித்த கணக்கும் அழியவில்லை. பயனர் என்றேனும் மனம் மாறி வியப்புக்குறியை அழித்து முக்காற்புள்ளி இட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முக்காற்புள்ளி திறந்த மடை; வியப்புக்குறி அடைத்த மடை. அடைத்தாலும் மடை அங்கேதான் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதும் வயலுக்குரியவர்க்குத் தெரிகிறது. இவ்வமைப்பில் நம்மை ஈர்ப்பது இதுவே.

வரிகளின் முறைவைப்பும் பொருளுடையது. மேலிருப்பதே முதலில் திரைக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை இங்குக் கூற வேண்டும். இவ்வெண்கள் மடலோடு பிறந்தவை அல்ல. ஒவ்வொரு செய்தி வழங்கிக் கணினியும் மடல் தன்னிடம் வந்த வரிசையில் தானே எண்ணிட்டுக் கொள்கிறது. ஒரு நூலின் இரு சுவடிகளில் ஏட்டெண் வேறுபடுவது போன்றதே இது. ஆதலின் ஒரு வழங்கியில் உருவான கோப்பை மற்றொரு வழங்கிக்குக் கொண்டுசென்று பயன்படுத்தினால் படித்தது படிக்காததாகவும் படிக்காதது படித்ததாகவும் தோன்றும்.

நிரலை அமைக்கும் முறை

கணினி மேலாளர் ஒருவர் புதிய மாணவர் அறுபதின்மருக்குக் கணக்குத் திறக்கிறார் என்று கொள்வோம். அறுபது கோப்புகளையும் கையால் எழுதுவது வீண் உழைப்பு. இதற்கு வேண்டுவன இரண்டே. ஒன்று, தொடக்கத்தில் எவ்வெக் குழுக்களுக்குச் சந்தா தருவது என்று வரிக்கொன்றாக எழுதிய பட்டியல். மற்றொன்று, செய்தி வழங்கியிலுள்ள ‘ஆக்டிவ்’ என்னும் கோப்பு. அவ்வழங்கியில் உள்ள குழுக்கள் அனைத்தும் அதில் ஒவ்வொரு வரியாக நிற்கும். குழுவின் பெயர், கடைசி மடலின் எண், இருப்பிலுள்ள முதல் மடலின் எண், ஓர் எழுத்து என்று ஒவ்வொரு வரியிலும் நான்கு கூறுகள் உண்டு. நான்காவதாக ‘ஒய்’ இருப்பின் எவரும் எழுதலாம்; ‘எம்’ இருப்பின் நெறியாளர் பார்த்த பின்னரே மடல் வெளிவரும்; ‘என்’ இருப்பின் அக்கணினியிலிருந்து எழுதவியலாது.

நிரல் முதற்கண் செய்ய வேண்டியது ஒரு சோதனை. அப்பயனரின் அடைவில் முன்னரே சந்தாக் கோப்பு உளதா என்று பார்க்க வேண்டும். இருப்பின் நிரல் அதனைத் தொடாமல் அடுத்தவரிடம் செல்ல வேண்டும். ஒரே ஒரு வரியில் முடியும் இச்சோதனையை விட்டுவிட்டு நிரலை மறுமுறை இயக்கினால், ஓராண்டாகப் படித்தவர்தம் கணக்கு முழுவதும் ஒரு நொடியில் அழிந்துபோகும்.

அடுத்துப் பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரையும் ஆக்டிவ் கோப்பில் தேட வேண்டும். இங்கேதான் பழகாத கைகள் பொள்ளும். ‘கிரெப்’ என்னும் தேடற் கட்டளைக்குப் புள்ளி என்பது வெறும் புள்ளியன்று. ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்பதன் குறியீடு. மேலும் ‘சாக்.கல்ச்சர்.இண்டியன்’ என்று தேடினால் அதன் கீழுள்ள ‘சாக்.கல்ச்சர்.இண்டியன்.கேரளா’ என்பதும் உடன் அகப்படும். கேட்டது ஒரு குழு, கிடைப்பது இரண்டு. எனவே ‘ஆக்’ என்னும் கட்டளையைக் கொண்டு, வரியின் முதற்கூறு நாம் தேடும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து முற்றும் ஒத்திருக்கிறதா என்று ஒப்பிடுவதே தக்கது.

பெயர் கிடைத்தபின் முக்காற்புள்ளி இட்டு எழுத வேண்டும். அதன்பின் எண்கள். எண்ணே எழுதாது விட்டால் வழங்கியில் இருப்பிலுள்ள மடல்கள் யாவும் படிக்காதனவாகக் கருதப்பட்டுப் புதியவர்முன் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். கடைசி எண் வரை படித்ததாக எழுதிவிட்டால் முதல்நாள் அவர்முன் ஒன்றுமே இராது. வெறுந்திரையைக் கண்டு எழுந்து போவார். ஆகவே கடைசி எண்ணிலிருந்து இருபதைக் கழித்து, அதுவரை படித்ததாகக் காட்டலாம். கடைசி எண் 2140 எனில் ‘1-2120’ என்று எழுத வேண்டும். அவருக்கு இருபது மடல்கள் காத்திருக்கும். கடைசி எண்ணே இருபதுக்கு உட்பட்டதாயின் எண்ணை எழுதாமல் விட்டுவிடுவதே முறை.

இக்கழித்தலிலும் ஒரு பொறி உண்டு. ஆக்டிவ் கோப்பில் எண்கள் ‘0000002140’ என்று முன்னே சுழியங்களோடு எழுதப்பட்டிருப்பது வழக்கம். பாஷ் ஷெல்லோ சுழியத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடுக்கில் அமைந்த எண்ணாகக் கொள்ளும். அவ்வெண்ணில் எட்டோ ஒன்பதோ வந்தால் பிழையென்று நின்றுவிடும். வராவிடின் ஓசையின்றித் தவறான விடையைத் தரும். இரண்டனுள் பின்னதே கொடிது. கணக்கையும் ஆக் கட்டளையிடமே விட்டுவிட்டால் இவ்விடர் நேராது.

பட்டியலில் இல்லாத ஏனைய குழுக்களை என்ன செய்வது? அவற்றையும் வியப்புக்குறியுடன் கீழே எழுத வேண்டும் என்பதே நம் கருத்து. இது விவாதத்திற்குரியது, பின்னர் வருவோம்.

எழுதுவதை நேரே சந்தாக் கோப்பில் எழுதாமல், வேறு பெயருள்ள தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, இறுதியில் பெயரை மாற்றி வைப்பது நலம். இடையில் மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு மிஞ்சாது. நம் ஊர் மின்வாரியத்தை அறிந்தார்க்கு இதன் இன்றியமையாமை விளங்கும். கடைசியாக, நிரலை இயக்குபவர் மேலாளர் ஆதலின் கோப்பும் அவர் உடைமையாகவே பிறக்கும். அதனைப் பயனர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கத் தவறினால் படிப்பு நிரலால் அதில் எழுதவியலாது. இன்று படித்த இருபது மடல்களும் நாளையும் படிக்காதனவாகவே வந்து நிற்கும். பெயரை மாற்றியபின், அவரன்றிப் பிறர் அக்கோப்பைப் படிக்கவும் எழுதவும் இயலாதவாறு 600 என்னும் உரிமை எண்ணை அமைக்க வேண்டும். ஒருவர் எதனைப் படிக்கிறார் என்பது அவர் அந்தரங்கம்.

இத்தனையும் இருபது வரிகளுக்குள் அடங்கும். நம் மாணவர் சிலருடன் இலினக்ஸ் கணினி ஒன்றில், ரிச் சால்ஸ் எழுதி 1992இல் வெளியிட்ட ‘ஐஎன்என்’ வழங்கி நிரலை நிறுவி, வெளித்தொடர்பின்றி, பயிற்சிக்கெனச் சில குழுக்களை மட்டும் படைத்து இதனை இயக்கிப் பார்த்தோம். இலக்கணத்தில் நூற்பாவும் விதிவிலக்கும் பயின்ற மாணவர்க்கு, ‘இவ்வாறு வரின் இது செய்க, அன்றேல் அது செய்க’ என்னும் நடை சிறிதும் அயலாகத் தோன்றவில்லை. அவர்கள் இடர்ப்பட்டதெல்லாம் மேற்கோட்குறிகளில்தான்.

எவருடைய பட்டியல்?

பட்டியலிலுள்ள பெயர்களை எவர் தெரிவது என்னும் வினாவுக்குத் தொழில்நுட்பத்தில் விடையில்லை. 2000 அக்டோபரில் வெளியான நெறி விரிவு ஒன்றில், புதிய பயனர்க்கு ஏற்ற தொடக்கச் சந்தாப் பட்டியலை வழங்கியிடமே கேட்டுப் பெறும் கட்டளை ஒன்று பதிவாகியுள்ளது. பட்டியலின் முறைவைப்பும் கருதத்தக்கது என்று அங்கேயே குறித்துள்ளனர். ஆக, யாரோ ஒருவர் தெரிந்தெடுத்துத் தர வேண்டியே இருக்கிறது. பாடத்திட்டம் வகுப்போரின் நிலையும் இதுவே.

ஒருசாரார், தகாதவற்றின் பெயரே மாணவர் கண்ணிற் படலாகாது, முக்காற்புள்ளி இட்டவை மட்டும் கோப்பில் இருந்தால் போதும் என்பர். இக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. நெறியாளர் இல்லாத குழுக்களில் எவரும் எதனையும் எழுதலாம். இந்தியச் சமயப் பூசல்களும் இலங்கையின் போரும் 1990களில் இக்குழுக்களில் கடும் வசைமொழிகளாக வெடித்தன. தன் சமயத்தையோ தன் ஊரையோ இழித்துரைக்கும் மடல் நூற்றுக்கணக்கில் வந்து விழும் இடத்திற்குப் பதினெட்டு வயது மாணவியைச் சந்தாதாரர் ஆக்கிவிட்டு, ‘இது கருத்துச் சுதந்திரம்’ என்று சொல்லி ஒதுங்குவது ஆசிரியர்க்கு அழகன்று. பெற்றோர்க்கும் நாம் பொறுப்புடையோம்.

ஆயினும் சந்தா தராமல் இருப்பது வேறு. இருப்பதையே மறைப்பது வேறு. வியப்புக்குறியுடன் எழுதப்பட்ட வரி, ‘இப்படியொன்று உண்டு, இப்போது இதனை உமக்குத் திறக்கவில்லை, திறப்பது உம் கையில்’ என்று மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்கிறது. முற்றிலும் நீக்கப்பட்ட வரியோ ஒன்றும் சொல்வதில்லை. கல்லூரி வேண்டா என்று உறுதியாகக் கருதும் குழுவை வழங்கியிலேயே வரவழைக்காமல் விடலாம். அது நிறுவனம் பொறுப்பேற்றுச் செய்யும் முடிவு. பயனரின் சொந்தக் கோப்பில் கைவைத்து அம்முடிவை மறைவாகச் செய்வதைத்தான் நாம் ஏற்கவில்லை.

வசைமொழியை விலக்கவும் அன்றே வழி இருந்தது. லாரி வாலின் ஆர்என் நிரல் ‘கில் கோப்பு’ என்னும் ஒன்றினைத் தந்தது. இன்ன தலைப்பில் வரும் மடல் வேண்டா என்று பயனர் அதில் ஒரு வரி எழுதி வைத்தால், அத்தகைய மடல்கள் படித்தனவாகக் குறிக்கப்பட்டு ஒதுங்கும். எழுதியவர் வாயை அது அடைப்பதில்லை. இவர் காதை மட்டும் மூடிக்கொடுக்கிறது. மூடியவரும் இவரே. இன்று கைப்பேசியில் நாம் படிப்பனவற்றின் வரிசையைத் தொலைவிலுள்ள நிறுவனக் கணினிகள் வகுக்கின்றன. எதனால் இது மேலே வந்தது, எதனால் அது வரவேயில்லை என்று திறந்து பார்க்க நம்மிடம் மூன்று வரிக் கோப்புக்கூட இல்லை. அந்நாளைய ஏற்பாட்டின் அருமை இப்போதே புலனாகிறது.

இதே காரணத்தால், ஆண்டின் இடையில் புதிய குழு ஒன்றினை எல்லார்க்கும் சேர்க்கும்போதும் கருத்து வேண்டும். அப்பெயர் ஒருவர் கோப்பில் முன்னரே வியப்புக்குறியுடன் இருப்பின் அதனை முக்காற்புள்ளியாக மாற்ற நமக்கு உரிமையில்லை. அவர் வேண்டாவென்று விட்டதாக இருக்கலாம். பெயரே இல்லாதார்க்கு மட்டும் இறுதியில் ஒரு வரி சேர்க்கலாம். ‘செட்’ கட்டளையால் எல்லாக் குறிகளையும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்பது உண்மையே. முடியும் என்பதே செய்வதற்குக் காரணமாகாது. அன்றியும் பயனர் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் அவர் கோப்பைத் திருத்தினால் பயனில்லை. படிப்பு நிரல் தன் நினைவிலுள்ள பட்டியலை வெளியேறும்போது மீண்டும் எழுதி, நம் திருத்தத்தை அழித்துவிடும். எல்லாரும் உறங்கும் நேரத்தில் இயக்குவதே நன்று.

எஞ்சியவை

டியூக் பல்கலைக்கழகம் தன் யூஸ்நெட் வழங்கியை 2010 மே மாதம் நிறுத்தியது. பழைய மடல்களைத் திரட்டி வைத்திருந்த ‘டெஜா’ நிறுவனத்தின் தொகுப்பை 2001 பிப்ரவரியில் கூகுள் பெற்றது. 2024 பிப்ரவரி 22 முதல் புதிய மடல்களை ஏற்பதையும் காட்டுவதையும் அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்நாள்வரை சேர்ந்தவை தேடிப் படிக்கக் கிடைக்கும் என்றும் அறிவித்தது. தனியார் ஆர்வத்தால் இயங்கும் வழங்கிகள் சில இன்றும் உள. ஆயினும் 1990களில் தமிழர் எழுதிய மடல்களுக்கு ஒரே நிறுவனத்தின் கருணையை நம்பியிருப்பது சுவடிகளை ஒரே வீட்டுப் பரணில் வைத்திருப்பதற்கு ஒப்பானது. ஆய்வு மாணவர்கள் தம் பொருளுக்கு வேண்டிய மடல்களையேனும் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

படியெடுத்தபின் தேடுவதிலும் ஷெல்லே உதவும். ஆனால் இங்கு மொழிச்சிக்கல் எழுகிறது. தமிழ் எழுத்துருக்கள் பரவாத காலமாதலின் பெரும்பாலோர் உரோமன் எழுத்தில் தமிழை எழுதினர். தமிழைப் பிற எழுத்தில் எழுதுவது நமக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் செழித்த அரபுத்தமிழில், அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேலும் கீழும் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். செய்திக்குழுத் தமிழர்க்கு விசைப்பலகையில் புதிய புள்ளியிட வழியில்லை. எனவே சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாட்டையே புள்ளியாகக் கொண்டனர். சிறிய ‘எல்’ லகரம், பெரிய ‘எல்’ ளகரம். சிறிய ‘என்’ னகரம், பெரிய ‘என்’ ணகரம் என்றவாறு. அரபுத்தமிழ் பல தலைமுறைகள் கையாண்டு நிலைபெற்ற எழுத்துமுறை. இவர்களுடையதோ ஆளுக்கொரு வழக்கு.

ஆகவே ‘தமிழ்’ என்னும் ஒரே சொல்லைத் தேடவும் கிரெப் கட்டளைக்குச் சற்று நீண்ட வாய்பாடு வேண்டும். முதலில் ‘டி’, அதனை அடுத்து ‘ஹெச்’ வரினும் வாராவிடினும் கொள்க, இடையில் ‘ஏ, எம், ஐ’, இறுதியில் ‘எல்’ அல்லது ‘இசட்’, இசட்டை அடுத்து ‘ஹெச்’ வரினும் வாராவிடினும் கொள்க. பேரெழுத்தில் தொடங்குவாரும் உண்டாதலின், எழுத்தின் சிறுமை பெருமை பாராதே என்னும் ‘ஐ’ விருப்பக்குறியையும் உடன் இடலாம். ஆனால் இக்குறியை எல்லாச் சொற்களுக்கும் இட்டுவிடலாகாது. இட்டால் லகர ளகரங்கள் ஒன்றாகிவிடும். ‘பள்ளி’யைத் தேடுவார்முன் ‘பல்லி’யும் வந்து நிற்கும்.